லேப்டாப்பும் ஒரு யூ.பி.எஸ்ஸும் போதும்: மலையில் கணக்குத் தொழில் தொடங்கும் தங்கச்சிக்கு

பி.காம் முடித்த தங்கச்சிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "அக்கா, வேலைக்காகக் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ இறங்கித்தான் ஆகணுமா? இங்கேயே கணக்கு எழுதிப் பிழைக்க முடியாதா?"

தாராளமாக முடியும்மா. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று எங்கே பார்த்தாலும் ஆடிட்டர் ஆபீஸ் வாசல்வரை போகாத சின்னச் சின்ன வியாபாரங்கள்தான். வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்பவர், இரண்டு அறை காட்டேஜ் வைத்திருப்பவர், வர்க்கி சுடும் பேக்கரிக்காரர், மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர், பசுந்தேயிலை வாங்கித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஏஜென்ட், இரண்டு டாக்ஸி ஓட்டும் குடும்பம். எல்லோரிடமும் பணம் வருகிறது, போகிறது. வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே டப்பாவில் கிடக்கின்றன. மாதக் கடைசியில் என்ன மிஞ்சியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதைப் பிரித்து எழுதி, ஒரு பக்கத்தில் காட்டுவதுதான் உன் தொழில்.

இதற்கு முதல் என்று நான் நினைப்பது இரண்டே விஷயங்கள்: சொன்ன தேதியைத் தவறவிடாத பழக்கம், அடுத்தவர் கணக்கை வெளியே பேசாத வாய். இரண்டும் உன்னிடம் இருந்தால் மற்றதையெல்லாம் குறைந்த பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

எதை வாங்கணும், எதை வாங்கக் கூடாது

கல்லூரியில் அரசு கொடுத்த லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாரண்டியோடு விற்கும் கடையில் வாங்கு. 20,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடைக்கும். புதிதாக 50,000 ரூபாய்க்கு வாங்குவதற்கு இந்த வேலையில் அவசியமே இல்லை.

அடுத்த செலவு யூ.பி.எஸ். நம் மலையில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது நினைவிருக்கும். அக்டோபர், நவம்பரில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை. மரம் விழுந்தால் கம்பி அறும், மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தேதி மழைக்காகத் தள்ளிப்போகாது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தாலும் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும் என்பதால், ரவுட்டருக்கென்று ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கி மாட்டு. இரண்டு வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள். ஒரு டவர் படுத்தால் இன்னொன்று கைகொடுக்கும்.

பிரின்டர் இப்போது வேண்டாம். மாதத்துக்கு முப்பது, நாற்பது பக்கம் எடுக்க ஜெராக்ஸ் கடை போதும். ஸ்கேனரும் வேண்டாம், போனிலேயே ஸ்கேன் செய்யலாம். ஆனால் பில் கைக்கு வந்த அன்றே படம் எடுத்துவிடு. பெட்ரோல் பங்க், சூப்பர் மார்க்கெட் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களில் தானாக மங்கிவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கணும். ஆறு வருடம் கழித்து ஒரு நோட்டீஸ் வரும்போது வெள்ளைக் காகிதத்தை நீட்ட முடியாது.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள். ஃபைல்களைச் சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்காதே. மழை மாதத்தில் சுவர் ஊறி, பூஞ்சை பிடித்து, பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். இரும்பு பீரோவின் மேல் தட்டில் வை. செருப்பு, கேமரா பெட்டிகளில் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் லேப்டாப் பையில் போட்டு வை.

லேப்டாப், யூ.பி.எஸ்., ஃபைல்கள், கால்குலேட்டர், இரண்டு பென் டிரைவ் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். லேப்டாப் இருந்தால் 10,000 கூட ஆகாது. இதற்காக நகையை அடகு வைக்காதே. கடன் தேவைப்பட்டால் வங்கியில் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவைக் கேள். 50,000 ரூபாய் வரை, ஜாமீன் சொத்து கேட்க மாட்டார்கள்.

சேரிங்கிராஸிலோ பெட்ஃபோர்டிலோ அறை பிடித்து போர்டு மாட்டும் ஆசையை முதல் வருடம் தள்ளி வை. வாடகைக்குப் போகும் பணம் உன் மாத வருமானத்தையே விழுங்கும். வாடிக்கையாளரைத் தேடி நீ போ. 2024-ல் அரசின் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப் பகுதிகளுக்கும் வந்தபின் அந்தச் செலவும் குறைந்திருக்கிறது. ஒரே பஸ் ரூட்டில் இருக்கும் ஆட்களாகப் பிடித்தால் ஒரே நாளில் நான்கு பேரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கோத்தகிரியில் ஒருவர், எமரால்டில் ஒருவர், பந்தலூரில் ஒருவர் என்று சிதறிப் பிடித்தால் பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

சாஃப்ட்வேர்

நம் ஊரில் கணக்கு என்றாலே டேலிதான். உரிமத்தோடு வாங்க 20,000 ரூபாயைத் தாண்டும், மாத வாடகைக்கும் தருகிறார்கள். காசு கொடுக்கும் வாடிக்கையாளர் ஐந்து பேராவது சேரும்வரை அதை வாங்காதே. டேலியிலேயே எஜுகேஷனல் மோட் என்று இலவசமாக ஒன்று உண்டு. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு செய்ய முடியும். தொழிலுக்கு அது ஆகாது; கை பழக அருமையானது. அதுவரை வேலைக்கு லிப்ரே ஆபீஸின் கால்க் போதும், இலவசம். நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஜோஹோவின் புக்ஸ் மென்பொருளிலும் சிறு வியாபாரங்களுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. இணையதளமும் ரிட்டர்ன் தயாரிக்க இலவசக் கருவி தருகிறது.

யாரோ பென் டிரைவில் தரும் திருட்டு டேலியைத் தொடாதே. அதோடு வைரஸ் வந்து ஒரு நாள் எல்லாக் கோப்பும் பூட்டிக்கொண்டால், போவது உன்னை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பென் டிரைவில் ஒரு பிரதி, கடவுச்சொல் போட்டு கிளவுடில் ஒரு பிரதி எடுத்து வை. பென் டிரைவை லேப்டாப் பையிலேயே வைக்காதே. பை தொலைந்தால் இரண்டும் போகும்.

பதிவும் பெயரும்

தனிநபர் தொழிலாகத் தொடங்கு. உன் பான் அட்டை போதும். உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் ஆதாரை வைத்து நீயே செய்துகொள். அதற்குக் கட்டணமே கிடையாது. அரசு தளம் போலவே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் கூகுளில் முதலில் வந்து நிற்கும், ஏமாந்துவிடாதே. அந்தச் சான்றிதழோடு வங்கிக்குப் போனால் நடப்புக் கணக்கு திறப்பது சுலபம். தொழில் வரி விவரத்தை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டு முறையாகக் கட்டிவிடு.

நீ தருவது சேவை என்பதால் வருடத்துக்கு 20 லட்சம் ரூபாய் வருமானம் வரும்வரை உனக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. குன்னூரில் உட்கார்ந்துகொண்டு மைசூரு கடைக்காரருக்குக் கணக்கு எழுதினாலும் அந்த வரம்பு பொருந்தும்.

ஆடிட்டர் என்று மட்டும் போட்டுக்கொள்ளாதே. தணிக்கை செய்து கையெழுத்துப் போடுவது 1949-ம் ஆண்டுச் சட்டத்தின்படி சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்டுகளின் வேலை. நீ கணக்கு எழுதுபவள், அது கௌரவமான பெயர்தான். பி.காம் பட்டம் இருந்தால் ஜி.எஸ்.டி. பிராக்டிஷனராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் தன் கணக்கிலிருந்து உன்னை முறைப்படி இணைத்துக்கொள்ள வழி பிறக்கும்.

முதல் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், ஒரு ஆடிட்டரையே பிடி என்பேன். ஊட்டியிலோ குன்னூரிலோ இருக்கும் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்து, "பில் பதிவு செய்யும் வேலையை எனக்குக் கொடுங்கள் சார், வீட்டிலிருந்து முடித்துத் தருகிறேன்" என்று கேள். காசு குறைவாகத்தான் தருவார். ஆனால் எது தவறு, ஏன் தவறு என்று திருத்திச் சொல்வார். சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் கிடைப்பார். உன் சின்ன வாடிக்கையாளருக்குத் தணிக்கை தேவைப்படும் நாளில் நீ அனுப்பிவைக்க ஓர் இடமும் இருக்கும்.

அப்படி யாரும் அமையவில்லையா? உங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் புத்தகங்களைப் போய்ப் பார். சேமிப்பு, உள்கடன், வட்டி, வங்கிக் கடன் தவணை எல்லாம் அந்தப் பேரேடுகளில் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பெண்களின் பணத்தைப் பைசா பிசகாமல் நேர்செய்யக் கற்றவள் எந்தக் கடைக் கணக்குக்கும் பயப்பட மாட்டாள்.

தேயிலைக் கணக்கு

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இதைச் சரியாக எழுதத் தெரிந்தவளுக்கு வேலை இல்லாமல் போகாது. தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. 1965-ல் தொடங்கிய இன்கோசர்வ் கூட்டமைப்பின் 16 கூட்டுறவுத் தொழிற்சாலைகளில் மட்டும் சுமார் 30,000 சிறு விவசாயிகள் உறுப்பினர்கள். தனியார் தொழிற்சாலைக்கு இலை கொடுப்பவர்கள் தனி. இவர்களில் பலரிடம் இருப்பது இலை போட்ட சீட்டுக் கட்டும், மாதக் கடைசியில் வங்கியில் வந்து விழுந்த ஒரு தொகையும்தான்.

ஒரு பெரியவர் ஒரு மாதத்தில் 1,200 கிலோ பசுந்தேயிலை போட்டார் என்று வைத்துக்கொள். மழைத் தண்ணீருக்கென்று நூற்றுக்கு ஐந்து கழித்தால் 1,140 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் 22,800 ரூபாய். அதில் மாத நடுவே வாங்கிய முன்பணம் 5,000, உரத் தவணை 3,000 பிடித்துக்கொண்டு கைக்கு 14,800 வருகிறது. "இந்த மாசம் 14,800 வந்துச்சு" என்பார் அவர். மகன், "22,800 வந்தது, அப்பா எங்கே வைத்தார்?" என்பான். இரண்டுமே அவர் சம்பாத்தியம் இல்லை. பறிப்புக் கூலி கிலோவுக்கு 8 ரூபாய் வீதம் 1,200 கிலோவுக்கு 9,600 கொடுத்திருக்கிறார். அதையும் உரத்தையும் கழித்தால் மிஞ்சுவது 10,200. முன்பணம் செலவு கிடையாது, அவர் பணத்தையே அவர் முன்னால் வாங்கியது. இந்த மூன்று தொகைகளையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதி ஒரு தாளில் கொடுத்துப் பார். அந்த வீட்டில் உன் பேச்சுக்கு மரியாதை வந்துவிடும்.

தண்ணீர்க் கழிவுக்குத் தனிப் பத்தி போடு. வெயில் மாதத்திலும் அதே ஐந்து சதவீதம் கழிக்கப்பட்டிருந்தால் தாளில் பளிச்சென்று தெரியும், அவர் போய்க் கேட்கலாம். இன்னொரு பத்தியில் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் மாவட்ட சராசரி விலையை எழுது. பக்கத்தில் தொழிற்சாலை கொடுத்த விலை. ஆறு மாதம் இப்படி எழுதினால், எந்தத் தொழிற்சாலைக்கு இலை கொடுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

கவாத்து செய்த வருடத்தில் அந்தப் பாத்தியில் சில மாதங்கள் இலை வராது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகினாலும் அப்படித்தான். அதனால் ஒரு மாதக் கணக்கைப் பார்த்து லாபம், நஷ்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிடாதே. பன்னிரண்டு மாதங்களையும் ஒரே தாளில் வைத்துக் காட்டு.

கூலிப் பதிவேட்டுக்குப் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். எஸ்டேட்டுகளில் கணக்கப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக எழுதிய செக்ரோல் இருக்கிறது: பெயர், தேதி, முழுப் பேரா அரைப் பேரா (முழு நாள் கூலியா, அரை நாளா), எத்தனை கிலோ. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து இங்கே தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் அதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் உட்கார்ந்து கேட்டுக்கொள்.

வரி விஷயம் இரண்டு வரிதான். பசுந்தேயிலைக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தூளான பிறகு 5 சதவீதம். இலையாகவே விற்பவருக்கு அது விவசாய வருமானம். சொந்தமாக விளைவித்து ஆலையில் தூளாக்கி விற்பவருக்கு 40 சதவீதம் தொழில் வருமானமாக எடுக்கப்படும். இந்த இரண்டாவது வகை வந்தால் நீ தனியே கை வைக்காதே, ஆடிட்டரிடம் கொண்டுபோ.

சாக்லேட், காட்டேஜ், கடை

நம் மாவட்டம் கேரளாவையும் கர்நாடகாவையும் தொட்டுக்கொண்டு இருக்கிறது. அதனால் வரும் சிக்கல் ஒன்று பலருக்குத் தெரியாது. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை என்பது தமிழ்நாட்டுக்குள்ளேயே விற்கும்வரைதான். வீட்டில் சாக்லேட் செய்யும் ஒரு தங்கச்சி இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து பெங்களூருக்கு ஒரு பெட்டி அனுப்பினால்கூட அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு, பதிவு வேண்டும். அவளை முதல் நாளே உட்காரவைத்து இதைக் கேள், "கூரியர் எங்கெங்கே போகிறது?" என்று. வரி விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு 18 சதவீதம் போய் 5 ஆனது. அன்றே பில் புத்தகத்தை மாற்றாத கடைக்காரர் எத்தனை பேர்! மாற்றம் வரும்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி நீ அனுப்பினால் போதும், அதற்காகவே உன்னை விடமாட்டார்கள்.

காட்டேஜ் கணக்கில் ஒன்றைக் கவனி. ஆன்லைன் புக்கிங் தளம் கமிஷன், வரிப் பிடித்தம் எல்லாம் போக மீதியைத்தான் வங்கியில் போடும். அந்த மீதியை மட்டும் வருமானமாக எழுதுவது தவறு. விருந்தினர் கொடுத்த முழு வாடகையை வரவாகவும், கமிஷனைச் செலவாகவும், பிடித்த வரியைத் திரும்பக் கேட்க வேண்டிய தொகையாகவும் எழுது. அதை எழுதாமல் விட்டால், வருமான வரித் தாக்கலில் உரிமையாளர் தனக்குத் திரும்ப வரவேண்டிய பணத்தையே இழக்கிறார்.

மொத்தமாகச் சரக்கு வாங்கும் கடைக்காரருக்கு 14-ம் தேதி முக்கியம். அன்றுதான் அவர் வாங்கிய பில்களின் பட்டியல், ஜி.எஸ்.டி.ஆர்-2பி, இணையதளத்தில் வரும். மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கிய பில் அதில் இல்லையென்றால், விற்றவர் பதிவேற்றவில்லை என்று அர்த்தம், நம் கடைக்காரருக்கு அந்த வரி கழியாது. உடனே போன் போடு. ரொக்கமாகப் பணம் கொடுப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை: ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொழில் செலவை வருமான வரியில் கழிக்க விடமாட்டார்கள். விவசாயியிடம் நேராகக் கேரட்டோ உருளைக்கிழங்கோ வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு.

கொஞ்சம் அனுபவம் வந்தபின் உற்பத்தியாளர் நிறுவனங்களையும் எட்டிப் பார். கோத்தகிரியில் பழங்குடி மக்களே பங்குதாரர்களாக இருந்து 2013 முதல் நடத்தும் ஆதிமலை பழங்குடியினர் நிறுவனம் தேனும் காபியும் மிளகும் விற்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். அன்றாடக் கணக்கு ஒழுங்காக இருந்தால்தான் தணிக்கை ஒழுங்காக நடக்கும். அந்த அன்றாடக் கணக்குக்கு உள்ளூர்ப் பெண்கள் தேவை.

தேதிகள், ஓ.டி.பி., கடவுச்சொல்

காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு அடுப்படியில் மாட்டு. 7-ம் தேதி டி.டி.எஸ். கட்டணும். 11-ம் தேதி மாதாந்திர விற்பனை ரிட்டர்ன், 15-ம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-ம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-ம் தேதி விற்பனை ரிட்டர்ன், நம் மாநிலத்துக்கு 22-ம் தேதி 3பி. இடை மாதங்களில் 25-க்குள் வரி கட்டணும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்குக் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ம் தேதி. ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் ஒரு நாள் தாமதத்துக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத ரிட்டர்னுக்கு 20 ரூபாய் அபராதம் ஏறும். கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. இதையெல்லாம் சமாளிக்க ஒரே வழிதான்: "பில் எல்லாம் 5-ம் தேதிக்குள் என் கையில் இருக்கணும்." இதை முதல் மாதமே அன்பாக, கண்டிப்பாகச் சொல்லிவிடு.

தாக்கல் செய்யும்போது ஓ.டி.பி. வாடிக்கையாளர் போனுக்குத்தான் போகும். அவர் பந்தலூர் பக்கம் சிக்னல் இல்லாத தோட்டத்தில் இருந்தால் என்ன செய்வாய்? முந்தின நாளே, "நாளை காலை பத்து மணிக்கு டவர் கிடைக்கும் இடத்தில் இருங்கண்ணா" என்று சொல்லிவை. அந்தத் தொல்லைக்குப் பயந்து உன் போன் நம்பரையும் மெயிலையும் அவர் கணக்கில் போட்டுவிடாதே. நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள், நான் அதை ஏற்க மாட்டேன். நாளை அவர் வேறு ஆளிடம் போக நினைத்தால் சொந்தக் கணக்கையே அவரால் திறக்க முடியாது. அவருடைய கணக்கின் சாவி அவரிடம்தான் இருக்கணும்.

வரிப் பணத்தையும் உன் கணக்கில் வாங்காதே. "நீயே கட்டிடும்மா" என்று கூகுள் பே போடுவார்கள், அன்போடு மறுத்துவிடு. சலானை எடுத்துக் கொடு, அவரே நெட் பேங்கிங்கில் கட்டட்டும். ஜி.எஸ்.டி. தொகை 10,000 ரூபாய்க்குள் என்றால் வங்கிக் கவுன்டரிலும் கட்டலாம்.

யாராவது, "ஆதாரும் பானும் கொடு, உன் பெயரில் ஒரு ஜி.எஸ்.டி. எடுக்கிறேன், மாதாமாதம் பணம் தருகிறேன்" என்று வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. கூலி வேலை செய்பவர் பெயரில் கோடிக்கணக்கில் வியாபாரம் காட்டி, அவர் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பாய். பொருள் வராமல் பில் மட்டும் போடச் சொல்பவரும் அதே ரகம்தான்.

எவ்வளவு கேட்கலாம்

கூச்சப்படுவது இங்கேதான். அண்ணன், மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று உறவு சொல்லி இலவசமாகக் கேட்பார்கள். வியாபாரத்தின் அளவை வைத்துக் கூலி சொல்லாதே, வேலையின் அளவை வைத்துச் சொல். மாதம் 50 பில்லுக்குள், ஒரே வங்கிக் கணக்கு என்றால் 1,000 ரூபாயில் தொடங்கலாம். 200 பில், இரண்டு வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. தாக்கலும் சேர்ந்தது என்றால் 3,000-க்குக் குறையாதே. பழைய இரண்டு வருட பில்களைச் சாக்குப்பையில் கட்டிக்கொண்டு வந்தால் அதற்குத் தனிக் கூலி, பாதி முன்பணம். சின்னவர்களும் பெரியவர்களுமாக எட்டுப் பேர் சேர்ந்தால் மாதம் 12,000 முதல் 15,000 ரூபாய் வரும். வாடகை இல்லாமல், வீட்டில் இருந்தபடி, தொடக்கத்துக்கு அது நல்ல வருமானம்.

யாரிடம் எப்போது பணம் இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? காட்டேஜ்காரரிடம் ஏப்ரல், மே சீசனிலேயே மழைக்காலம் வரைக்குமான கூலியைச் சேர்த்து வாங்கிக்கொள். தேயிலைக்காரரிடம் தொழிற்சாலை பட்டுவாடா செய்யும் வாரத்தில் கேள். ஜூலை மழையில் காட்டேஜ் வாசலில் போய் நின்றால் அவருக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம்.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: என்ன வேலை, என்ன கூலி, பில் தரவேண்டிய தேதி, பில் தாமதமாக வந்தால் அபராதம் யார் பொறுப்பு, உன் தவறால் தாமதமானால் யார் பொறுப்பு. கடைசி வரியை அவர் கேட்கும் முன்னால் நீயே எழுது. உன் தவறென்றால் அபராதத்தை நீதான் கட்டணும்.

இன்னொன்று, இது சின்ன ஊர். ஒரு கடையின் விற்பனையை எதிர்க் கடைக்காரர் சிரித்துக்கொண்டே விசாரிப்பார். கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில், "அவங்க காட்டேஜ் நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்பார்கள். "அது எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்று. வீட்டில் அம்மாவிடம்கூடச் சொல்லாதே. பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தொகைகளைப் பேசாதே. கணக்கு பிசகினால் திருத்திக்கொள்ளலாம்மா. வாய் பிசகினால் அந்த ஊரில் அடுத்த வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார்.

வாடிக்கையாளருக்காகக் காத்திருக்காதே. வரும் 1-ம் தேதி உன் வீட்டுத் தேயிலைக்கோ, அப்பாவின் டாக்ஸிக்கோ, அம்மாவின் குழுவுக்கோ கணக்கு எழுதத் தொடங்கு. மூன்று மாதம் விடாமல் எழுதி, மாதத்துக்கு ஒரு தாள் என்று மூன்று தாள்களை எடு. பெயர், தொகை வெளியில் தெரியாதபடி மாற்றி, மாதிரியாக ஒரு ஃபைலில் போட்டு எடுத்துக்கொண்டு முதல் கடைப் படியேறு.